இறகு ஒட்டாத கோடை

இறகு சரியாக ஒட்டிய அம்பு காற்றில் போகும்போது 'விர்'ரென்று ஒரே சத்தம்தான் கேட்கும். இறகு பிய்ந்துபோன அம்போ, கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட தும்பியைப் போல 'படபட'வென்று அடித்துக்கொண்டு போகும். அந்த இரண்டாவது சத்தம் போல எது கேட்டாலும் இந்த வயதிலும் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். மரக்காணத்து உப்பளத்தில், எனக்கு ஒன்பது வயதான கோடையில், அந்தச் சத்தம் என் அம்மாவை நோக்கிப் போனது.

என் அக்கா தேவி அப்போது பதினொன்றாம் வகுப்பு. பள்ளியின் பி.டி. டீச்சர் அவள் கையின் நீளத்தையும் தோளின் உறுதியையும் பார்த்துவிட்டு வில்வித்தையில் சேர்த்துக்கொண்டு, விடுமுறை முழுக்கப் பழகச் சொல்லி ஒரு வில்லையும், யாரோ எய்து தேய்த்துப் போட்ட அலுமினிய அம்புகளையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தார். பள்ளி திறந்ததும் விழுப்புரத்தில் மாவட்டத் தேர்வு. அம்புகளில் இருந்த பிளாஸ்டிக் இறகுகள் காய்ந்து உதிர்ந்துவிட்டிருந்ததால், பொம்மையார்பாளையத்தில் வான்கோழி வளர்க்கும் அம்மாவின் சிநேகிதி வீட்டிலிருந்து ஒரு பை நிறைய இறகு வந்து இறங்கியது. "ஏய் கவி, எடது றெக்கையோட வலது றெக்கைய கலந்துடாதடி, அம்பு சுத்துறது குழம்பிடும்" என்று அக்கா மிரட்ட மிரட்ட, நான் பயந்து பயந்து அவற்றைப் பிரித்து வைப்பேன்.

ஓர் அம்புக்கு மூன்று இறகு. தண்டைச் சுற்றி ஒரு காகிதத் துண்டை வைத்து அளந்து, அதை மூன்றாக மடித்து அடையாளம் போட்டுக்கொள்வோம். இறகின் நடுநரம்பைப் பிளேடால் பிளந்து, உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி, பெட்டிக்கடையில் விற்கும் சின்னக் குழாய்ப் பசையைத் தடவி ஒட்டி, கொடியில் துணி மாட்டும் கிளிப்பால் கவ்வவிடுவோம். இதில் அம்மாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. அளத்துக்கு உப்பு வாரப் போகும் முன்பே தண்டுகளை எல்லாம் தேங்காய் நாரால் தேய்த்து, அடிபம்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, "பாருங்கடி, கல்யாணப் பொண்ணாட்டம் எப்படி பளபளன்னு இருக்குது" என்று எங்கள் முன்னால் வைத்துவிட்டுத்தான் போவாள்.

ஒட்டியவுடன் இறகு இரும்பு மாதிரி நிற்கும். சாயங்காலம் கடல்காற்று ஏறியதும் அதன் ஓரம் மெல்லத் தூக்கும். காலையில் பார்த்தால் இரண்டு மூன்று இறகுகள் தரையில் கிடக்கும். கடையை மாற்றினோம், பசையை மாற்றினோம், கிளிப்புக்குப் பதில் நூல் சுற்றிப் பார்த்தோம். தூக்காத இறகு நன்றாக ஒட்டிவிட்டது என்று நம்பி அக்கா அந்த அம்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு போவாள்.

அளத்தை ஒட்டிய தரிசில் வைக்கோல் திணித்த சாக்குகளை அடுக்கியதுதான் எங்கள் இலக்கு. அதிலிருந்து நன்றாக இடதுபுறம் தள்ளி ஒரு வரப்பு ஓடும். பாத்தியில் வாரிய உப்பைக் கூடையில் சுமந்துகொண்டு, அதைக் குவித்து வைக்கும் 'அம்பார'த்துக்கு ஆட்கள் அந்த வரப்பில்தான் நடப்பார்கள். நேராகப் போகிற அம்பு அங்கே எதற்கு வரப்போகிறது என்று அம்மா உட்பட யாரும் கவலைப்படவில்லை.

அன்று அக்கா நாணை விட்டதும் 'படபட'. அம்பு வாலை ஆட்டி, ஒதுங்கி, இன்னும் ஒதுங்கி, வரப்பின் மேல் போனது. அங்கே தலையில் கூடையும், கூடையைப் பிடித்த இரண்டு கைகளுமாக அம்மா வந்துகொண்டிருந்தாள். என் பாவாடை நனைந்துவிட்டிருந்ததே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்பு அம்மாவின் காதோரமாகப் போய், அவளுக்கு அப்பால் இருந்த அம்பாரத்தில் குத்தி நின்றது.

அம்மா கூடையைப் போடவில்லை. நடந்துபோய் உப்பை அம்பாரத்தில் கொட்டினாள். அதற்கப்புறம்தான் காதைத் தொட்டு, விரலைப் பார்த்தாள். ரத்தம் இல்லை. ஓடிவந்த அக்காவிடம், "காது போயிருந்தா தோட்ட எங்கடி மாட்டுவேன்?" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அப்படியே உப்பின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில், அம்மா செத்துப்போய்விட்டாள் என்றே பக்கத்துப் பாத்தி ஆட்கள் நினைத்து ஓடிவந்தார்கள்.

அன்றோடு அக்கா நாணைக் கழற்றி வில்லைப் பரண் மேல் வைத்துவிட்டாள். பழகவில்லை என்றால் வில்லை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவதாக டீச்சர் சொல்லியனுப்பியபோதும் அக்கா அசையவில்லை. "அடிபட வேண்டியவ நானே நல்லா இருக்கறேன், உனக்கு இன்னாடி பயம்?" என்று அம்மா கேட்டதற்கு, "சாக்கைப் பார்த்தா அங்க உன் தலைதாம்மா தெரியுது" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கும் பயம்தான். ஆனால் ஒட்டுவதை நிறுத்தினால் அக்கா இனி வில்லையே தொடமாட்டாள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு நாள் பசைக்குழாயின் மூடியைத் திருக இரண்டு கையும் தேவைப்பட்டு, அம்மா கழுவி வைத்த தண்டு ஒன்றை உதட்டில் கவ்விக்கொண்டேன். கரித்தது. இன்னொன்றை நக்கிப் பார்த்தேன். அதுவும் கரித்தது. எல்லாமே கரித்தன.

எங்கள் வீட்டில் உப்பு ஓர் அழுக்கே அல்ல. அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்க மட்டும்தான் கேன். துவைத்த துணி விறைத்து நிற்கும், கழுவிய டம்ளரில் வெள்ளையாகப் படலம் பூத்திருக்கும்; சுத்தம் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நான் சொன்னதைக் கேட்டதும் அக்கா தானும் ஒரு தண்டை நக்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ, மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியுதில்ல, அதாண்டி இது! ராத்திரி ஈரத்த இழுத்துக்குனு பசைய அடியில கழட்டி வுட்டுடுது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "நான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுனதா என் காதுக்கே வந்துச்சு?" என்றவள், தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு கேன் தண்ணீரில் அலசினோம், மெடிக்கல் கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தோம். அலசிய ஒவ்வொரு தண்டையும் நான் நாக்கால் தொட்டு, கரிக்கவில்லை என்று தலையாட்டிய பிறகுதான் ஸ்பிரிட்டும் பசையும். கடல்காற்று ஏறியது, இறங்கியது. ஓர் இறகும் ஓரம் தூக்கவில்லை.

இறகு ஒட்டிவிட்டது, அக்காதான் பரண் பக்கம் போகவில்லை. மதியம், வரப்பில் ஆளே இல்லாத சாப்பாட்டு வேளையில், அம்மா வில்லை இறக்கிக் கையில் கொடுத்து, அவளைத் தரிசுக்குக் கூட்டிப்போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு உள்ளங்கையையும் அவள் இடுப்பில் வைத்தாள். "என் தல இங்க இருக்குது. தொட்டுக்குனே நிக்கிறேன். அங்க யார் தலையும் இல்ல. வுடுடி." நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன், காதை மூட மறந்துவிட்டேன்.

'விர்'.

விழுப்புரத்தில் அக்கா ஜெயிக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும், "ஒரு றெக்ககூட போவலடி கவி" என்றுதான் முதலில் சொன்னாள். வில் டீச்சரிடம் திரும்பிப் போயிற்று.

இப்போது அந்தத் தரிசைச் சுற்றிக் காம்பவுண்டு வந்துவிட்டது. வரப்பும் இல்லை, அம்பாரமும் இல்லை. அக்கா கல்யாணமாகிக் கோட்டக்குப்பம் பக்கம் இருக்கிறாள். அம்மா முழங்கால் தேய்ந்து, ஒரகடத்தில் நான் எடுத்திருக்கும் வாடகை வீட்டில் என்னோடு இருக்கிறாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இப்போது சோப்பு வாசனைதான் வருகிறது. நான் கார் தயாரிக்கும் கம்பெனியில் முன்கண்ணாடி ஒட்டும் பிரிவில் இருக்கிறேன். பசை வைக்கும் முன் கண்ணாடியின் விளிம்பை ஒரே ஒரு முறை துடைத்தால் போதும் என்பது அங்கே விதி. கையில் உறை, வாயில் மாஸ்க். நக்கிப் பார்க்க வழியில்லை. ஆனாலும் மாஸ்க்குக்குள் என் நாக்கு உதடு வரைக்கும் வந்துவிட்டுத்தான் திரும்பிப் போகிறது.

"ஏம்மா, ஒருதரம் தொடைச்சா போதாதா?" என்று சூப்பர்வைசர் தினமும் கேட்கிறார். அன்றைக்கு அம்பு போன வழியில் யார் நடந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் யார் உட்காரப்போகிறார்கள் என்று தெரியாது. அதனால் தினமும் அங்கே அம்மாவை உட்காரவைத்துவிட்டு, இன்னொரு தடவை துடைக்கிறேன்.