சாரம் கோணலான மேஸ்திரி

என் வீட்டுக்காரர் சாரம் கட்டும் மேஸ்திரி. பத்து மாடி உயரத்துக்குக் குழாய் நட்டு, பலகை போட்டு, அதன்மேல் நின்று டீ குடிப்பார். வீட்டிலோ ஒரு தும்மலைத் தாங்கமாட்டார். "எனக்கு பி.பி. ஏறுது" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த பி.பி.க்குப் பயந்து அழைப்பு மணியைக் கழற்றினோம். குக்கர் பரண் ஏறியது. டிவியில் செய்தி வாசிப்பவர் வாயை மட்டும் அசைப்பார். செய்தியை நாங்களாக ஊகித்துக்கொள்வோம். மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. அதை அப்பாவிடம் சொல்ல முடியாமல் மென்று முழுங்கிக்கொண்டு திரிந்தாள். சேரவேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாத்திரைக்கு அடங்காத அழுத்தம் என்று டாக்டர் அவருடைய மரபணு வரைக்கும் சோதித்தார். முடிவைக் கேட்க மூன்று பேரும் போனோம்.

"உடம்புக்குள்ளயும் உங்க தொழில்தான் மேஸ்திரி. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அதைத் தாங்கி நிக்க சாரம் மாதிரி புரதம் இருக்கு. உங்க மரபணுவுல சின்னதா ஒரு மாற்றம். அதனால சிறுநீரகத்துல அந்தச் சாரம் கோணல். வெளிய போகவேண்டிய உப்பை உடம்பு திரும்ப இழுத்துக்குது. அழுத்தம் ஏறுது."

"என் சாரம் கோணலா?" அவர் எழுந்தே விட்டார். "எவன் கட்டினான்?"

"உங்க அப்பாவோ அம்மாவோ குடுத்தது."

"அப்போ கோபத்தால இல்லையா டாக்டர்?" என்றாள் மகள்.

"கோபத்துல ஏறினா கொஞ்ச நேரத்துல இறங்கிடும். இது அது இல்லம்மா."

அவ்வளவுதான். வேலை விஷயத்தை அங்கேயே போட்டு உடைத்தாள். பழக்கதோஷத்தில் அவர் நெஞ்சைப் பிடித்தார். டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தத்தை அளந்தார். பழைய அளவேதான். மனுஷன் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம்!

"பிள்ளைங்களுக்கும் வரலாம். உன் கையையும் காட்டும்மா" என்றார் டாக்டர். அளந்தார். மறுபடியும் அளந்தார். வயதுக்கு மீறிய அழுத்தம்.

வீட்டுக்கு வந்ததும் வீம்புக்கு மணியை மாட்டினேன், குக்கரை இறக்கி அடுப்பில் வைத்தேன். முதல் விசிலுக்கே அவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டர் சொன்னாரே!" என்று கத்தினேன்.

"மெதுவாப் பேசு. உள்ள புள்ள ஊருக்குப் பெட்டி அடுக்குது" என்றார். "அவளுக்குள்ள நிக்கிறதும் நான் கட்டின சாரம்தானே."

பிறகு உப்பு ஜாடியை எடுத்து, குக்கர் இருந்த பரணில் ஏற்றினார்.