பன்னிரண்டு படி பாக்கி

லிஃப்ட் இல்லாத கட்டிடங்களுக்கெல்லாம் எங்கள் மாமாதான் லிஃப்ட். அக்காவின் கணவர், இருபத்தாறு வருடமாக கேஸ் சிலிண்டர் சுமக்கிறார். அதே கம்பெனியில் நான் வண்டி ஓட்டுகிறேன். அவர் படி ஏறுவதைப் பார்த்தால் சோம்பேறி என்று தோன்றும். முதல் மாடியைத் துள்ளிக்கொண்டு ஏறுகிற வாலிபர்கள் மூன்றாவது மாடியில் நாக்குத் தள்ளி நிற்பார்கள். மாமாவோ சிலிண்டரைக் கழுத்தோடு ஒட்டித் தோளில் வைத்து, முதுகை விட்டுத் தொடைக்கு வேலை கொடுத்து, இரண்டு படிக்கு ஒரு மூச்சு என்று சீராகப் போய்ச் சேருவார்.

ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு உடல்தகுதிப் பரிசோதனை என்று நோட்டீஸ் வந்தது. முப்பது கிலோவோடு நான்கு மாடி, நடுவில் இறக்கக் கூடாது. ஒரே வாய்ப்பு. இறக்கினால் இனி சுமக்க முடியாது, கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியதுதான். நாற்காலி என்றாலே மாமாவின் முகம் சுண்டிவிடும்.

எங்கள் அக்கா எதையும் முழுசாகப் படிக்க மாட்டாள். அவளுக்குத் தெரிந்த பரிசோதனை ரத்தப் பரிசோதனை ஒன்றுதான். "பரிசோதனைன்னா வெறும் வயித்துலதான் போகணும்" என்று முந்தின நாள் மத்தியானத்தோடு அவர் வாயைக் கட்டிவிட்டாள். அந்த மனுஷனும் பசியோடு வந்து, காலையில் ஒரு லாரி லோடு இறக்கிவிட்டு, பதினொரு மணிக்குப் படிக்கட்டு முன்னால் நின்றார். எனக்கு அப்போது இது தெரியாது.

பரிசோதிக்க வந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா ஸ்டாப்வாட்சோடு மாமா பின்னால் ஏறினார். அவருக்குப் பின்னால் நான்.

இரண்டாவது மாடி வரை பிசகில்லை. அதற்குமேல் படிக்கு ஒரு மூச்சு ஆனது. பிறகு படிக்கு இரண்டு. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது, கெண்டைக்கால் வெடவெடத்தது. சிலிண்டர் எங்கள் பக்கம் சாய்ந்தது. நான் கத்திவிட்டேன்.

"மாமா, வச்சிடுங்க!"

"சும்மா இருடா."

மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்று மேலே பார்த்தார். இன்னும் பன்னிரண்டு படி. கீழே நின்ற எங்கள் இருவரையும் பார்த்தார். சத்தமே வராமல் சிலிண்டரைத் தரையில் வைத்தார்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

"நேத்து மத்தியானம் சாப்பிட்டதும்மா."

அந்த அம்மா தன் தலையில் கை வைத்துக்கொண்டார். "முதல் பத்து செகண்டுக்குத் தசையில இருக்கிற சக்தியே போதுங்க. அப்புறம் சாப்பாட்டுல வந்த சர்க்கரையும் மூச்சும் சேர்ந்துதான் இழுத்துட்டுப் போகணும். மூச்சை நீங்க நல்லாத்தான் வச்சிருந்தீங்க. எரிக்கத்தான் உள்ள ஒண்ணும் இல்ல. இது வயசு செஞ்ச வேலையே இல்ல." காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு 'இறக்கினார்' என்று எழுதினார்.

வாசலில் அக்கா காத்திருந்தாள். "என்னாச்சுங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், எல்லாம் உன்னால்தான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாமா என் காலை மிதித்தார், நன்றாகவே.

"வயசாயிடுச்சுடி" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை, நான் சொன்னபடி சாப்பிடாமப் போனீங்க. வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு ஏறியிருந்தா என்னாகியிருக்கும்?"

"ஆமா" என்றார் மாமா.