கிளீனருக்குத் தடவிய மஞ்சள்

பூனையும் பறவையும் ஒரே தட்டில் சாப்பிடும் வீடியோவை முதன்முதலில் பார்த்தபோது நான் எட்டாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிக் கொடுத்த போன், கணக்குப் பாடத்தைவிட அதிகமாக எனக்குக் காட்டியது இந்த மாதிரி வீடியோக்களைத்தான். எங்கோ ஓர் ஊரில் கிளி ஒன்று பூனையின் காதைக் கோதிவிடும். நாய் ஒன்று முதுகில் குருவியை ஏற்றிக்கொண்டு ராஜநடை நடக்கும். எங்கள் வீட்டிலும் ஒரு பூனை இருந்தது, ஒரு பறவையும் இருந்தது. அப்புறம் என்ன குறை?

பறவை சித்தப்பாவுடையது. அவர் லாரி டிரைவர். பெங்களூரில் வாங்கிய காக்கடீல் என்ற சின்னக் கொண்டைக்கிளி; உடம்பெல்லாம் வெளிர் மஞ்சள், கன்னத்தில் மட்டும் ஆரஞ்சுப் பொட்டு. துணைக்கு ஆள் கிடைக்காமல் அவர் தனியாக வண்டி ஓட்டிய நாட்களில் கேபினில் பக்கத்து சீட்டில் கூண்டோடு உட்கார்ந்து வந்ததால் அதற்குக் கிளீனர் என்று பெயர். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒலிக்கும் பாட்டை அப்படியே விசிலடிக்கும். எங்கள் தெருவில் நடந்து போகிற ஒன்றிரண்டு பேர் வண்டி வருகிறதென்று ஒதுங்கி நின்றதுண்டு. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கலாமா என்று அம்மா ஆரம்பித்தால், "எனக்குத்தான் கிளீனர் இருக்கானே அண்ணி, அவனே போதும். எதுத்துப் பேச மாட்டான்" என்பார்.

வடக்கே பஞ்சாப் வரை போகும் நீண்ட நடைகளுக்கு மட்டும் அதை அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டில் விட்டுப் போவார்.

"கண்ணு, நான் வர்ற வரைக்கும் இவன் உன் பொறுப்பு. தெனை போடு, தண்ணி மாத்து. பூனை இருக்கிற வூடு, கூண்டை மட்டும் தொறக்காத."

"சரிங்க சித்தப்பா" என்றேன். சரி என்று சொல்வது எனக்கு எப்போதுமே எளிது.

பூனை என்னுடையது. அதற்கு முன்பிருந்த பூனை பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சைத் தின்றதற்காக, அம்மா கோணியில் கட்டிக் கொடுக்க, சித்தப்பாவின் லாரியிலேயே போய் தொப்பூர் கணவாயைத் தாண்டி எங்கேயோ இறங்கியது. நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் அப்பா இந்தக் குட்டியைக் கொண்டு வந்தார். "இதுவும் வாயை வெச்சா இதுக்கும் அதே கோணிதான்" என்று அம்மா அன்றைக்கே தீர்ப்பை எழுதிவிட்டாள்.

சித்தப்பா கிளம்பிய மறுநாளே நான் பயிற்சியைத் தொடங்கினேன். மதியம் அம்மா தூங்கும் நேரம். ஒரு பெரிய தட்டு, ஒரு ஓரத்தில் தயிர் சாதம், மறு ஓரத்தில் தினை. முதல் நாள் பூனை கிளீனரையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். நாலைந்து நாளில் பார்ப்பதை விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தது. கிளீனர் தத்திப்போய் அதன் வாலைக்கூட ஒருமுறை கவ்விப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டவள்போல நடந்தேன். ஒன்பதாம் நாள் போனை சொம்பின்மேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டேன்.

அதில் பூனை சீறவில்லை, பாயவில்லை. பாதி சாப்பாட்டில் நிமிர்ந்து, விளையாட்டுப் போல ஒரு காலை நீட்டி கிளீனரை அமுக்கி, இறக்கையோரம் வாயை வைத்தது. நான் கத்தியதும் விட்டுவிட்டது. கிளீனர் பறந்து போய்த் திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்தது. பூனை மீதித் தயிர் சாதத்தைச் சாப்பிட்டது.

பிடித்துப் பார்த்தேன். இறக்கைக்கு அடியில் குண்டூசி குத்தினாற்போல ஒரே ஒரு புள்ளி. ரத்தம்கூட ஒழுகவில்லை. எங்கள் வீட்டில் முட்டி பெயர்ந்தாலும் அரிவாள்மனை வெட்டினாலும் ஒரே வைத்தியம்தான். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து மஞ்சள்தூளை எடுத்து அப்பினேன். மஞ்சள் பறவையில் மஞ்சள் தெரியவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கூண்டில் விட்டுக் கொக்கியை மாட்டினேன். வீடியோவை அழித்தேன்.

மறுநாள் காலையில் கிளீனர் உப்பிய பஞ்சுபோல கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. விசில் இல்லை. தினை அப்படியே கிடந்தது. அன்று முற்பகலில்தான் சித்தப்பா வந்தார். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. பிஸ்கட் அட்டைப்பெட்டியில் துணி விரித்துக் கிளீனரை வைத்து என் மடியில் கொடுத்து, வண்டியில் தருமபுரிக்குக் கூட்டிப்போனார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் எங்களுக்கு முன்னால் நின்றன. டாக்டரம்மா பெட்டியைத் திறந்து, அலகைப் பிரித்துப் பார்த்தார். நெஞ்சைத் தடவினார். இறக்கைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்றார்.

"நான் இன்னிக்குத்தாங்க வந்தேன். பாப்பாதான் பாத்துக்கிட்டிருந்துச்சு" என்றார் சித்தப்பா.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வூட்ல பூனை, நாய் இருக்கா பாப்பா?"

"பூனை இருக்குதுங்க."

"வாய் கீய் வெச்சுதா? நகம் எதுனா பட்டுச்சா? சும்மா சொல்லு."

சித்தப்பாவும் என்னைப் பார்த்தார். எனக்குக் கோணிதான் தெரிந்தது.

"இல்லைங்க. கூண்டைத் தொறக்கவே இல்லைங்க."

செரிமானத்துக்கு ஒரு சொட்டு மருந்தும், கூண்டுப் பக்கத்தில் குண்டு பல்பு போட்டு வைக்கச் சொல்லி யோசனையும் கிடைத்தன. திரும்பும் வழியில், மேம்பாலம் ஏறும்போது பெட்டிக்குள் ஏதோ இரண்டு முறை உதறியது. வீட்டுக்கு வந்து திறந்தபோது துணியில் சிறிதாக ஈரம் இருந்தது. கழுத்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

சித்தப்பா கொல்லையில் முருங்கை அடியில் குழி வெட்டினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டீசல் பொகைதான் அண்ணி. இத்தனை வருசமா கேபின்ல வெச்சே சாவடிச்சிட்டேன்" என்றார் அம்மாவிடம். அம்மா மறுத்துப் பார்த்தாள். அவர் கேட்பதாக இல்லை. அதற்குப் பிறகு அவர் பறவை வளர்க்கவில்லை. சாயங்காலம் பூனை போய் அவர் மடியில் ஏறிக்கொண்டது. அவர் அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்ததை நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

போன வருடம் கல்லூரி நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய் இதைப் படித்தேன். பூனையின் வாயிலும் நகத்திலும் பூனைக்கு ஒன்றும் செய்யாத கிருமிகள் இருக்கின்றன. அவை பறவையின் ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். கீறல் எத்தனை சிறியது என்பது ஒரு பொருட்டே இல்லை. உடனே சரியான ஊசி போட்டால் சில பறவைகள் பிழைக்கின்றன. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வகுப்புக்குப் போகாமல் அங்கேயே இருந்தேன்.

எங்கள் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பெரியவர்கள் கேள்வி கேட்டால் அது யார் செய்தது என்று கண்டுபிடிக்கத்தான். பிறகு அடி விழும், அல்லது கோணி வரும். இன்னொரு விதமான கேள்வி இருக்கிறது என்று எனக்கு அன்று தெரியாது. டாக்டரம்மா என்னைக் கேட்டபோது அவர் கை மேசையில் ஊசி மருந்து டப்பாவின்மேல் நின்றிருந்தது. நான் இல்லை என்றதும் அந்தக் கை அதை விட்டு நகர்ந்து சொட்டு மருந்துப் புட்டியை எடுத்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தப்பித்தோம் என்று நினைத்தேன், நானும் பூனையும்.