கடலுக்குத் திரும்பாத சிறுசங்குகள்

சங்கு அளக்கிற வேலை எனக்குக் கிடைத்தபோது, அது என்ன வேலை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. சாத்தான்குளத்துப் பக்கம் எங்களுடையது வாத்தியார் குடும்பம். அப்பா வாத்தியார், அம்மா டீச்சர், சித்தப்பா தலைமையாசிரியர். பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்த மகன் தூத்துக்குடியில் சங்கை ஓட்டையில் விட்டுப் பார்க்கிறான் என்று வெளியே சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். "ஆபீஸ் வேலை" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார். எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் லாரிப் புழுதி.

வேலை உண்மையிலேயே அவ்வளவுதான். எங்கள் கடலில் சங்கு எடுக்கப் பருவந்தோறும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு உள்ளவர்கள் காலையில் வள்ளத்தில் போய், மூச்சடக்கி மூழ்கி, மணலில் புதைந்து கிடக்கும் சங்கைக் கையால் துழாவி எடுத்து வருவார்கள். மதியம் இரண்டு மூன்று மணிக்குக் கரைக்கு வந்ததும், எல்லாவற்றையும் எங்கள் அரசாங்கக் குடோனான கிட்டங்கி முன்னால் கொட்ட வேண்டும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, வட்ட ஓட்டை போட்ட மரப்பலகையை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சங்காக அதில் விட்டுப் பார்ப்பேன். ஓட்டையில் தங்கினால் பெரியது. அது கிட்டங்கிக்குள் போகும். பிறகு வளையல் அறுக்கக் கல்கத்தாவுக்குப் போகும். ஓட்டை வழியே கீழே விழுந்தால் சிறுசு. அதற்குக் கூலி கிடையாது. ஈரச் சாக்கு போட்டு மூடி, அன்று சாயங்காலமே உயிரோடு பாருக்குக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். பார் என்றால் கடலுக்கடியில் சங்கு விளைகிற இடம். அலுவலர் ஒருவர் கூடவே போய், விட்டதைக் கண்ணால் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அலுவலர் நான்தான்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு அப்படி ஒரு பெருமை. கல்லூரிப் பிள்ளைகள் யாராவது கிட்டங்கியைப் பார்க்க வந்தால் பலகையைத் தூக்கிக் காட்டி வாய் கிழியப் பேசுவேன். "ஒரு நாட்டோட வளம்ங்கிறது இன்னைக்கு எவ்வளவு எடுக்கிறோம்ங்கிறதுல இல்ல. நாளைக்கும் எடுக்க முடியுமாங்கிறதுல இருக்கு. இந்த ஓட்டைதான் நம்ம பொருளாதாரம்" என்பேன். பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். போகும்போது வலம்புரிச் சங்கு இருக்கிறதா என்று கேட்பார்கள்.

அந்தப் பேச்சைச் சங்கு குளிக்கிற ஒருவர் வழக்கமாக ஓரமாக நின்று கேட்பார். நாற்பது வயதிருக்கும். கடற்கரைத் தெரு கத்தோலிக்கர். கழுத்தில், மாதா படம் தைத்த, உப்பில் ஊறிக் கறுத்துப்போன உத்தரியக் கயிறு. ஆழத்தில் முங்கி முங்கி ஒரு காது போய்விட்டதால் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார். "சார் பேசுதத கேட்டா சங்கே கரையேறி வந்து கையக் குடுக்கும் போலுக்கு" என்று ஒருநாள் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் கொட்டுகிற குவியலில் சிறுசு மிகக் குறைவாக இருக்கும். ஒன்று இரண்டு விழுந்தால் அவரே குனிந்து பொறுக்கி ஈரச் சாக்குக்கடியில் வைப்பார். "தண்ணி எல்லாத்தையும் பெருசாக் காட்டும் சார். சிறுசு கைக்கு வந்துட்டுன்னா அது என் தப்பு, சங்கு தப்பு இல்ல" என்பார். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. தேரிக்காட்டுச் செம்மணலில் வளர்ந்தவன். முதல் நாள் பாருக்குப் போனபோதே வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். மறுநாளும் அப்படித்தான். "சார் மீனுக்குத் தீனி போடுதாவ" என்று எவனோ சொன்னது காதில் விழுந்தது. நாட்டின் பொருளாதாரத்தை விளக்குகிறவன், வேட்டி கட்டிய கூட்டத்தின் முன்னால் பேன்ட் சட்டையோடு வாந்தி எடுப்பதா? ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அதன்பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன்.

கிட்டங்கிக்குப் பின்னால், பழைய படகுகளை இழுத்து வைக்க எப்போதோ தோண்டிய ஒரு பள்ளம் இருந்தது. சின்ன வாய்க்கால் ஒன்று அதைக் கடலோடு சேர்த்தது. உள்ளே முழங்கால் அளவு கடல்தண்ணீர் நிற்கும். பள்ளிக்கூடத்துப் புவியியல் புத்தகத்தில் ஓதம் பற்றிப் படித்திருந்தேன்: நாளுக்கு இருமுறை கடல் ஏறும், இருமுறை இறங்கும், ஏறும்போது கரையையே மூடிவிடும். சிறுசுகளை அந்தப் பள்ளத்தில் போட்டால் ஓதமே வந்து அழைத்துப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அலுவலகப் படகோட்டியிடம் சொன்னேன். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று அவருக்கும் சந்தோஷம். "சார் சொன்னா சரிதான்" என்றார். தினமும் பள்ளத்தில் கொட்டினோம். "பாரில் விடப்பட்டன" என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் கரையில் ஓதம் ஒரு சாண் ஏறினாலே அதிகம். அங்கே மீன் விற்கிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்களே. வெயிலில் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் உலைத்தண்ணீர் போலச் சுட்டது. சங்குகள் சாக ஆரம்பித்தன. கிட்டங்கிக்குள் பெரிய சங்குகளின் சதையை எப்போதுமே அழுகவிட்டுத்தான் எடுப்பார்கள் என்பதால், அந்த வட்டாரமே சகிக்க முடியாத நாற்றம். என் நாற்றம் தனியாக யார் மூக்கிலும் ஏறவில்லை.

பள்ளத்தில் கொட்டத் தொடங்கிய பதினோராம் நாள், வலைப்பை கழுவப் பின்பக்கம் போன அந்த அண்ணாச்சி திரும்பி வந்து என் ஸ்டூல் அருகே நின்றார். சத்தமாகப் பேசுகிறவர், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், பள்ளத்துல சிறுசாக் கெடக்கு."

"ஓதம் வந்தா போயிரும் அண்ணாச்சி."

"இங்கன எந்த ஓதம் சார் வரும்?" என்றார். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "பாதி செத்துட்டு. மிச்சம் மூச்சோட கெடக்கு. காலைல போவும்போது நான் கொஞ்சங் கொஞ்சமா கொண்டுபோயி மணல்ல விட்டுருதேன். பாறையில போட்டா அதுவும் பொழைக்காது."

"சரி அண்ணாச்சி" என்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: அவர் என்னிடம் கேட்டார், நான் சரி என்றேன்.

மூன்று நாள் அவர் அப்படிக் கொண்டுபோனார். நான்காம் நாள் காலையில் மேலதிகாரி முன்னறிவிப்பில்லாமல் லாஞ்சில் வந்து, கடலுக்குக் கிளம்புகிற வள்ளங்களைச் சோதனை போட்டார். அண்ணாச்சியின் வள்ளத்தில் ஈரச் சாக்குக்கடியில் சிறுசங்குகள். கரையிலிருந்து சங்கு கடலுக்குப் போகிறது என்றால், நடுக்கடலில் வேறு படகுக்குக் கைமாற்றி விற்பதற்குத்தான் என்று அதிகாரிக்கு உடனே தோன்றியது. வேறு யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவரைக் கிட்டங்கி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கரையில் இருந்த எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"எங்கய்யா விக்கக் கொண்டு போற?"

"விக்க இல்ல ஐயா. விடக் கொண்டு போறேன்."

அதிகாரி சிரித்தார். "உனக்கு எங்க கெடச்சுது?"

"பின்னால பள்ளத்துல."

"பள்ளத்துல யாரு போட்டா?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பையனைக் கைகாட்டுகிற மாதிரி, "சார் சொல்லுவாவ" என்றார்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பொய்யாகப் போட்ட பதினான்கு கையெழுத்தும் மேசையில் இருக்கிறது. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. "சிறுசெல்லாம் தினமும் பாருக்குப் போயிருக்கு சார். பதிவேடு இருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் திருடினார் என்று நான் சொல்லவில்லை. அன்று முழுவதும் அதை நினைத்து, நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று நினைத்தால் உடம்பெல்லாம் கூசுவது அந்தச் சாமர்த்தியத்தை நினைத்துத்தான்.

படகோட்டி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி என்னைக் கைகாட்டி, இவன்தான் போட்டான் என்று கத்தியிருந்தால் அவரை வெறுத்தாவது நான் தப்பித்திருப்பேன். அவர் சும்மா நின்றார். அன்றே அவருடைய அனுமதிச் சீட்டைப் பறித்துக்கொண்டார்கள். அடுத்த பருவத்துக்கும் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு. அவர்தான் திருடிப் பதுக்கினார் என்று முடிவு கட்டி, பள்ளத்தில் மிச்சம் இருந்ததை அள்ளிச் சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொடுத்தார்கள்.

மூச்சடக்கத் தெரிந்தவருக்கு அப்போது சீட்டில்லாமல் கிடைக்கிற வேலை ஒன்றுதான் இருந்தது. தீவுகளைச் சுற்றி இருக்கிற பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றுவது. வீடு கட்ட, சுண்ணாம்பு சுட, ஆலைகளுக்கு என்று அந்தக் கல்லுக்குக் கிராக்கி. மீன் முட்டையிட்டு ஒதுங்குகிற இடமே அதுதான் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சிறுசங்கை மணல் பார்த்து விடுகிறவர், சாப்பாட்டுக்காகக் கடலின் அடித்தளத்தையே உடைக்கப் போனார். ஒரு நாட்டின் வளம் எப்படிக் குறைகிறது என்று பெரிய பெரிய காரணமெல்லாம் படித்திருக்கிறேன். குமாஸ்தா ஒருவனுக்குப் படகில் வாந்தி வருகிறது என்பதாலும் குறையும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதற்கிடையில் கல்லூரிப் பிள்ளைகள் மறுபடி வந்தார்கள். நான் மறுபடி பலகையைத் தூக்கிக் காட்டினேன். ஒரு வார்த்தை மாறவில்லை.

தவக்காலத்தில் ஒரு சாயங்காலம், கல் வள்ளத்திலிருந்து அவர் இறங்குவதைப் பார்த்தேன். இரண்டு கையிலும் கீறல், தோள் முழுக்க வெள்ளைத் தூசி. மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் கடுங்காப்பி கொடுத்தார். என்னைப் பற்றி வீட்டில் அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை என்று அந்தக் காப்பியிலேயே தெரிந்துவிட்டது.

"நான் அதிகாரிக்கு எழுதிருதேன் அண்ணாச்சி. பள்ளத்துல போட்டது நான்தான்னு எழுதிருதேன்."

அவர் மறுக்கவில்லை. வேண்டாம் சார், உங்க வேலை போயிரும் என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லவைக்கத்தான் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. அவர் எழுந்து, மகளின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து நடுத்தாளைப் பிய்த்து, பேனாவோடு என் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க சார்."

"இதுல எழுதினா எடுபடாது அண்ணாச்சி. ஆபீஸ் தாள்ல எழுதணும். நாளைக்கு எழுதிருதேன்."

"அப்படியா சார்? எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று சொல்லி, தாளை மடிப்பு விழாமல் நோட்டுக்குள் திரும்ப வைத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் எழுதவில்லை. அந்த வாரமும் எழுதவில்லை. ஆபீஸ் தாள் கட்டுக்கட்டாக என் மேசையிலேயே இருந்தது. ஈஸ்டர் வந்தது, கச்சான் என்கிற மேல்காற்று அடித்து ஓய்ந்தது, வேலை நிரந்தரமானது. அம்மா ஊருக்கெல்லாம் சொன்னார். கல் வள்ளங்கள் வந்து சேருகிற பக்கம் நான் போவதில்லை.

அடுத்த பருவம் தொடங்குகிற அன்று காலை, சீட்டுக் கிடைத்தவர்களின் பெயர்களைக் கரையில் நின்று வாசிப்பது என் வேலை. பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக முன்னால் வந்து சீட்டை வாங்கிக்கொண்டு வள்ளத்துக்குப் போனார்கள். இரண்டு பக்கப் பட்டியல். இரண்டாம் பக்கத்தின் பாதியில் நிமிர்ந்தபோது கூட்டத்தின் ஓரத்தில் அவரைப் பார்த்தேன். இடுப்பில் சங்கு போடுகிற வலைப்பையைக் கட்டியிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். அவர் மனைவி சோற்றுத் தூக்குவாளியோடு பின்னால் நின்றார்.

நான் எழுதியிருப்பேன் என்று நம்பி வந்திருக்கிறார்.

மிச்சப் பெயர்களை வாசித்தேன். ஒரு பெயரும் தப்பவில்லை; அது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கடைசி ஆள் சீட்டு வாங்கிப் போனதும் கரை காலியாகிவிட்டது. அவர் மட்டும் மெல்ல நடந்து வந்து, என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார்.

"சார், இன்னொரு தாள் இருக்குமே?" என்று கேட்டார்.