வெள்ளிக்கிழமை விராலும் என் கண்ணாடித் தொட்டியும்

அண்ணன் கொடுத்தனுப்பிய உறையை வெள்ளைக்கார இன்ஜினீயரின் பங்களாவில் சேர்க்கப் போயிருந்தேன். வாங்கிக்கொண்ட வேலைக்காரன், "இங்கேயே நில்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். நின்ற இடத்தில், வராந்தா ஓரமாக, ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. வெள்ளை மணல், பச்சைப் பாசி, நடுவே ஏழெட்டு மீன்கள். துரையைப் போலவே அவையும் ஒரு வேலையும் இல்லாமல் மிகுந்த கம்பீரத்துடன் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தன. பதில் உறை வருவதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வீடிருந்த பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்வதற்குள், மீன்தொட்டி இல்லாமல் வாழ்ந்து பயனில்லை என்று முடிவே செய்துவிட்டேன். முந்தின வாரம் இதையே சுருக்கெழுத்தைப் பற்றிச் சொன்னேன். அதற்கு முந்தின வாரம் பிடில்.

சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்கள் அவை. ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன், அண்ணி, நான் என மூன்று பேர். அண்ணன் ரயில்வே தந்தி ஆபீஸ் குமாஸ்தா. அங்கே கழித்துப்போட்ட பேட்டரிக் கண்ணாடிப் பெட்டி ஒன்று எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடந்தது. ஒன்றரை முழ நீளம், நல்ல கனத்த கண்ணாடி. அண்ணி அதன்மேல் ஏற்கெனவே கண் வைத்திருந்தார். கருவாட்டைப் போட்டுப் பலகையால் மூடிவிட்டால் பூனை தொடாதாம்.

"ஆசிட் ஊத்தி வச்ச பெட்டி அண்ணி அது!"

"கழுவினா போகாதா? மீனுக்கு ஆகும், கருவாட்டுக்கு ஆகாதோ?"

அண்ணன் செய்தித்தாளை மடிக்காமலே தீர்ப்புச் சொன்னார். "டேய், பெட்டியை எடுத்துக்க. மூணு தடவை பாக்கலாம். மூணாவது தடவையும் மீன் செத்துச்சுன்னா பெட்டி அண்ணிக்கு. அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது."

நான் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தேன். பள்ளி நூலகத்தில் கிடைத்த ஆங்கிலப் புத்தகம் அது. குளிர்காலத்தில் தொட்டி நீர் உறைந்துபோகாமல் காப்பது எப்படி என்று ஓர் அத்தியாயமே இருந்தது. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே தண்ணீர் வெந்நீராகாமல் காப்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனாலும் முழுதும் படித்தேன். படித்தவன் என்ற திமிரோடு பெட்டாலிங் தெருச் சீனர் கடைக்குப் போய், எது அதிகமாகப் பளபளத்ததோ அதில் இரண்டு வாங்கினேன். வால் விரிந்த தங்கமீன்கள். "இது உயிரோட இருக்குமா?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். "போலே லா, போலே!" என்றார் கடைக்காரர். முடியும் என்று அர்த்தம். எத்தனை நாளைக்கு முடியும் என்று நான் கேட்கவில்லை.

நாலு நாளைக்கு முடிந்தது. அந்த மீனுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். தின்பதும் கழிப்பதும் அதிகம். நான் போட்ட சோற்றுப் பருக்கைகளும் சேர்ந்து தொட்டி கஞ்சிப் பானையாகிவிட்டது. "ஒண்ணு" என்றார் அண்ணி.

இரண்டாவதாகச் சண்டை மீன். சின்ன மீன்தான், தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும், ஒரு செம்புத் தண்ணீரிலும் பிழைக்கும். எல்லாம் சரியாக விசாரித்தேன். பெயரை மட்டும் யோசிக்காமல் இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விட்டேன். துணை வேண்டாமா என்று எனக்கு இரக்கம். மறுநாள் மத்தியானம் ஒன்று செவுள் கிழிந்து அடியில் கிடந்தது.

"ரெண்டு" என்றார் அண்ணி. பலகையின் அளவுகூட எடுத்துவிட்டார்.

ஆனால் ஜெயித்தவன் இருந்தான். கருநீல உடம்பு, சிவப்பு வால். இவனை நம்பித்தான் இனி எல்லாம். சோற்றை நிறுத்தினேன். சாக்கடை ஓரத்துக் கொசுப்புழுக்களைத் துணியில் வடித்துப் போட்டேன். குழாய்த் தண்ணீரை மருந்து வாடை போக ஒரு நாள் ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். அதற்காக அடுப்படியிலிருந்த தகர வாளியை எடுத்துக்கொண்டேன். ஏழு வாரம் ஓடியது. அண்ணிகூட ஒரு நாள் கண்ணாடியைத் தட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. வியாழக்கிழமையே அண்ணி பாசாரிலிருந்து உயிருள்ள விரால் ஒன்று வாங்கி வந்து, இரவு முழுக்கத் தகர வாளியில் விட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மற்ற வியாழக்கிழமைகளில் வாளியைக் காலி செய்து வைத்துவிடுவேன்; அன்று மறந்துபோய், வாளியில் என் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. நானோ வாசகசாலையில் மீன்களைப் பற்றி யாருக்கோ பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது தொட்டிக்குள் முக்கால் முழ விரால் ஒன்று பாதித் தொட்டியை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. வேறு எதுவும் இல்லை.

"அண்ணி! என் மீன் எங்கே?"

"அங்கேதானே தம்பி இருந்துச்சு? நல்ல தண்ணியா இருந்துச்சுன்னு இதையும் விட்டேன். வாளியை நீங்கதானே பிடிச்சு வச்சிருந்தீங்க?"

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டியில் நான் பார்த்த மீன்களிலேயே சௌகரியமாக இருந்தது அந்த விரால்தான். மூச்சுத் திணறவில்லை, சண்டை போடவில்லை, சாப்பாட்டுக் குறையும் இல்லை.

மறுநாள் குழம்பில் வந்தது. "டேய், நிதானமாச் சாப்பிடு, உன் ஆள் உள்ளே இருப்பான்" என்றார் அண்ணன். துக்கத்தில் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

"மூணு ஆச்சு. பெட்டியைக் கொண்டாங்க" என்றார் அண்ணி.

"இது சாவு இல்லை அண்ணி, கொலை. செஞ்சது நீங்க. செஞ்சவங்களுக்கே பெட்டியா? அண்ணே, நீங்களே சொல்லுங்க."

அண்ணன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "சரி, இதைக் கணக்கில சேக்காதே. இன்னும் ஒரே தடவை. ஆனா வாளி அண்ணிக்கு."

"பலகை அறுத்தாச்சே!" என்றார் அண்ணி.

"அதைத் தொட்டிக்கு மூடியாப் போடலாம்" என்றேன். வரும் விரால்களுக்கு அதுதான் வேலி.

கிள்ளானில் அண்ணியின் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மலாய்க்காரர்கள் செப்பாட் என்னும் தட்டை மீன் அதில் உண்டு. அதுவும் காற்றை விழுங்கும். அதில் சின்ன வகை விரல் நீளத்துக்கு மேல் வளராதாம். பிறந்ததிலிருந்து இந்த வெயிலையே பார்த்தது. பளபளப்பு இல்லை. துரை வீட்டு வராந்தாவில் நிற்கத் தகுதியில்லாத மீன். வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மூடியில் துளை போட்ட பிஸ்கட் டின்னோடு முதல் ரயிலில் போகிறேன். மூன்று குட்டிகள் போதும். புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவதாக இருக்கிறேன்.