ஏழாவது ஃபெயில்

சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டின் முன்னறைதான் எங்கள் பதிப்பகம். குழந்தைகள் புத்தகம் மட்டும் போடுவார்கள். நான் பார்சல் கட்டப் போனவள். ஒருநாள் முதலாளி சார் ஒரு கதையை நீட்டி, "படிச்சுப் பாருங்கம்மா, எது புரியலன்னு சொல்லுங்க" என்றார். அதிலிருந்து எனக்குப் புரிந்த பிறகுதான் எந்தக் கதையும் அச்சுக்குப் போகும். தெரியாத வார்த்தைக்குக் கீழே பென்சிலால் கோடு போடுவேன். நிறையப் போட்டால் எழுதினவர் கோபித்துக்கொள்வாரோ, குறைவாகப் போட்டால் வேலை போய்விடுமோ என்று இரண்டு பக்கமும் பயம்.

ஒரு கதையில், கூடு கலைந்த குருவி 'சஞ்சலமுற்றது' என்றிருந்தது. கோடு போட்டேன்.

"நீங்கன்னா எப்படிச் சொல்வீங்க?" என்றார் சார்.

"அதுக்கு மனசு அடிச்சிக்கிச்சுன்னு சொல்வேன் சார்."

அப்படியே அச்சானது.

அந்த வருடம் எங்கள் புத்தகங்கள் இரண்டுக்குப் பரிசு கிடைத்தது. ஒன்று அந்தக் குருவிக் கதை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி ஹாலில் விழா. "உங்களப் பத்தி மேடையில சொல்லப்போறேன், பொண்ணையும் கூட்டிட்டு வாங்க" என்றார் சார். மகள் அப்போது ஒன்பதாவது. அம்மா புத்தகம் திருத்துகிறாள் என்று வகுப்பில் சொல்லி வைத்திருந்தாள். அதை மேடையிலிருந்து ஒருவர் சொல்லி அவள் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மழை பிடித்துக்கொள்ளுமோ, ரயில் நின்றுவிடுமோ என்று பயந்து, நாற்காலி போடும் முன்பே போய்விட்டோம்.

சார் சொல்லத்தான் செய்தார். "எங்க ஆபீஸ்ல ஏழாவது ஃபெயிலான ஒரு அம்மா இருக்காங்க. அவங்களுக்கே புரிஞ்சிடுச்சுன்னா எந்தக் குழந்தைக்கும் புரிஞ்சிடும்." ஹாலே சிரித்தது. குருவிக்கு மனசு அடித்துக்கொண்டது யார் வார்த்தை என்று சொல்லவில்லை. எழுதினவரின் எளிய நடையைப் பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்.

நான் ஃபெயில் ஆகவில்லை. முழுப்பரீட்சைக்கு முன்பே அம்மா படுத்துவிட்டார், தம்பிகளைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்திவிட்டார்கள். எழுதாத பரீட்சையில் எப்படித் தோற்பது?

வாசலில், எங்களோடு அட்டை ஒட்டுகிற பெண் டீயை நீட்டினாள். "இன்னாக்கா, உன்னப் பத்தித்தான சொன்னாரு, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

மகள் டீ வாங்கவில்லை. ஸ்டேஷன் படி ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள். "எங்க கிளாஸ் பசங்க யாராச்சும் வந்திருந்தாங்களாம்மா?"

"நான் ஃபெயில் ஆகலடி" என்றேன்.

"சரி, விடும்மா." நம்பினவள் அப்படிச் சொல்ல மாட்டாள்.

சாரிடம் சொல்லிவிடுவது என்று திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் முந்திக்கொண்டார். "பொண்ணுக்கு ஒரே பெருமையா இருந்திருக்குமே?"

"ஆமா சார்" என்று வாய் சொல்லிவிட்டது.

அடுத்த பரிசுக்கும் விழா வைத்தார்கள். மகள் வரவில்லை. சார் அதையே மறுபடி சொன்னார். இந்த முறை நான் அஞ்சாவது ஃபெயில்.