பெர்ப்பெத்துவாவின் பதினோரு பாட்டில்கள்

பாட்டிலின் வாயில் மூக்கை வைத்துக் கண்ணை மூடினாள் பெர்ப்பெத்துவா. "மண்ணெண்ணெய்" என்று சொல்லி இடப்பக்கம் போட்டாள். அடுத்தது. "இது இருமல் மருந்து." அதுவும் இடப்பக்கம். அடுத்ததை முகர்ந்ததும் புருவம் இறங்கியது. "ஆரஞ்சு ஜூஸ். ரெண்டு தண்ணி கழுவினாப் போயிரும்." அது வலப்பக்கம்.

தன் ஊரான நாந்தோமின் சந்தையில் பொறுக்கியும், கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் வாய்விட்டுக் கேட்டு வாங்கியும், ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களாக முப்பதுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்த நாத்தனார் எவுலாலியா, கழித்துப் போட்டதில் ஒன்றை எடுத்துத் தானும் மோந்து பார்த்தாள்.

"இதுல ஒரு வாடையும் இல்லையே அண்ணி?"

"அது கோயில்ல தீர்த்தம் வாங்கின பாட்டில். அதுல பீரை ஊத்தினா ஃபாதர் என்னைச் சும்மா விடுவாரா?"

"ஊத்துங்க. எங்கண்ணன் செஞ்ச பாவமெல்லாம் அதுலயாவது கரையட்டும்."

பெர்ப்பெத்துவா அடுத்த பாட்டிலை எடுத்தாள். கடைசியில் தேறியவை பன்னிரண்டு.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாகச் சிவப்புச் சோளத்தை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் காய்ச்சி, பிட்டோ பீர் ஊற்றிக் கொடுக்கிறாள். புகையிலேயே நின்றதால் கண்ணோரம் எப்போதும் சிவந்திருக்கும். புதிதாகக் குடிக்க வருபவர்கள் அழுதிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். "என்னய்யா, தொண்டை அடைச்சிருக்கா? சத்தமாக் கேளு" என்பாள். கூழ் ஆறிவிட்டதா என்று பார்க்க விரலை விடமாட்டாள், முழங்கையை நனைப்பாள். நுரைக்கவைக்கும் சரடு, போன முறை பீரில் தோய்த்துக் காயவைத்தது, சமையலறைச் சுவரில் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை உடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும். அதை எடுத்துப் பானைக்குள் விடும்போது மட்டும் யாரோடும் பேசமாட்டாள். கேட்டால், "அதுக்குக் கூச்சம்" என்பாள்.

வேப்பமரத்தடி பெஞ்சுகளில் காலையிலேயே ஆள் நிறைந்துவிடும். அவள் பானையைத் தாண்டி வேறு பானைக்குப் போகிறவர்கள் குறைவு. ஆனால் இவ்வளவு பேருக்கு ஊற்றியவள் ஒரு நாளும் பீரைப் பாட்டிலில் அடைத்ததில்லை. பானையிலிருந்து சுரைக்குடுக்கைக்கு, குடுக்கையிலிருந்து வாய்க்கு. அவ்வளவு தூரம்தான் அது பயணப்பட்டிருக்கிறது.

அடைக்கவேண்டி வந்தது பாயோரால்.

பாயோர் அவள் புருஷன். தெற்கே குமாசி நகரத்தில் கிழங்கு மண்டியில் மூட்டை தூக்கப் போய் மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் கிறிஸ்துமஸுக்கு வந்தான். இரண்டாம் வருடம் துணி வந்தது. மூன்றாம் வருடம் போனில் குரல் மட்டும் வந்தது. எவுலாலியாவின் கொழுந்தன் ஒரு வேலையாகக் குமாசி போய்வந்து, யாரும் கேட்காமலே ஒரு சேதி சொன்னான்: "பாயோர் அண்ணன் சட்டையெல்லாம் அப்படி வெளுப்பா இருக்கு!" கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாத ஆள். சேதியைக் கேட்ட பெர்ப்பெத்துவா, "அந்த ஊர்த் தண்ணி நல்ல தண்ணி போல" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

ஊருக்கு வாங்க என்று அவனிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "போனவருக்கு வழி தெரியும்" என்பாள். ஆனால் குமாசியிலிருந்து வரும் பஸ் திருப்பத்தில் ஹாரன் அடிக்கும்போது, ஊற்றிக்கொண்டிருக்கும் அகப்பை அந்தரத்தில் நின்றுவிடும். வாடிக்கைக்காரர்களுக்கு இது தெரியும். குடுக்கையை நீட்டியபடி, பஸ் போகும்வரை அவர்களும் காத்திருப்பார்கள்.

போன மாதம் போனில் பாயோர் சொன்னான்: "இங்கயும் ஒருத்தி பிட்டோ விக்கிறா புள்ள. ஊத்தி வச்சிட்டுப் போயிடுறா. முதல்ல தான் ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுக்கணும்னு தெரியல. எப்படிக் குடிக்கிறது?"

"அப்புறம் என்ன பண்றீங்க?"

"கொஞ்ச நேரம் கையில வச்சிட்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் பக்கத்துல இருக்கிறவன்கிட்டக் குடுத்திருவேன்."

நாந்தோமில் ஊற்றுகிறவள் குடிக்காத குடுக்கையை யாரும் கையில் வாங்கக்கூட மாட்டார்கள். மூன்று வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த குறை இது ஒன்றுதான். சட்டையைப் பற்றிய கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. "அங்க மழை உண்டா?" என்று கேட்டாள். மறுநாள் காலை பாட்டில் பொறுக்கக் கிளம்பிவிட்டாள். தான் காய்ச்சியதை அவன் குடித்துவிட்டால் போதும், பாதி வழி வந்தமாதிரிதான் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அதையும் அவள் சொல்லவில்லை. எவுலாலியாவே கண்டுபிடித்துக்கொண்டாள்.

பிட்டோவுக்கு ஆயுசு ஒரு நாள். மறுநாள் அது கோழிக்குத்தான் ஆகும். பஸ்ஸுக்கோ ஓர் இரவு வேண்டும். பெர்ப்பெத்துவா யோசித்து ஒரு வழி கண்டாள். "பாதி நுரைச்சதை அடைச்சிருவோம். மீதி வழியில நுரைச்சிக்கும். அங்க போய் இறங்கும்போது சரியா இருக்கும்."

"அது என்ன, சோறா, போற வழியில வேகிறதுக்கு?" என்றாள் எவுலாலியா.

விடியும்போதே அடைத்தார்கள். எவுலாலியா புனலைப் பிடிக்க, பெர்ப்பெத்துவா துணியில் வடிகட்டி ஊற்றினாள். ஒன்றிலும் ஒரு விரல்கூடக் குறையவிடாமல் கழுத்துவரை நிரப்பினாள். அளவில் கைவைத்தாள் என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. மூடியை மேல்துணியால் பிடித்துப் பல்லைக் கடித்துத் திருகினாள். பன்னிரண்டையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, கொஞ்ச தூரம் போய் நின்று பார்த்தாள். கடையில் வாங்கியது போலவே இருந்தது. அவள் முகத்தில் ஒரு வெட்கம் வந்து போனது.

வெயில் ஏறியதும் பாட்டில்கள் கல்லாக இறுகின. அடிப்பாகம் வெளியே பிதுங்கியதில் நிற்க முடியாமல் ஒவ்வொன்றாகச் சாய்ந்து படுத்தன.

"அண்ணி, பன்னெண்டும் நிறைமாசம்" என்றாள் எவுலாலியா.

"வாயை வச்சிட்டுச் சும்மா இருடி."

சொல்லி முடிக்குமுன் ஒன்று வெடித்தது. சேவல் கூரைமேல் போய் நின்றது. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது. நுரை வழியும் சுவரைப் பார்த்தாள் பெர்ப்பெத்துவா. "பதினொண்ணு" என்றாள். மீதியை ஈரச்சாக்கில் சுற்றிக் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, எவுலாலியாவோடு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

பஸ் இரண்டு மணிக்கு. டிரைவர் சைது கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தட்டிப்பார்த்துவிட்டு, பச்சைப்பிள்ளையைப் படுக்கவைப்பது போலத் திரும்ப வைத்தான்.

"அக்கா, இது பீரா, வெடியா? உள்ள நாப்பது பேரு உட்கார்ந்திருக்காங்க."

"பத்திரமாக் கொண்டுபோய்க் குடு தம்பி. கிழங்கு மண்டியில பாயோர்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க."

"மூடியைத் தளர்த்திக் குடுங்க, கொண்டுபோறேன். இப்படியே ஏத்தமாட்டேன். தொழுகைக்குப் போற ஆள் நான். மேலெல்லாம் பீர் வாடையோட போய் நின்னா என்ன ஆகும்?"

பஸ் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து முதல் பாட்டிலைத் திருகினாள். நுரை பொங்கி முழங்கைவரை வழிந்தது. அடங்கியதும் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாயையே பார்த்தாள். நாளைக் காலை மண்டியில் சைது இதைப் பாயோரிடம் நீட்டுவான். அவன் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். அப்புறம் பக்கத்தில் இருக்கிறவனிடம் கொடுத்துவிடுவான்.

பாட்டிலைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். பாட்டிலின் விளிம்பை மேல்துணியால் துடைத்து, மூடியை அரைத் திருகல் திருகி ஓரமாக வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"என்ன அண்ணி இது! நுரையாப் போனது போதாதா? நீங்க வேற குடிக்கிறீங்களே!"

"ஒரு வாய்தான்."

"பதினோரு பாட்டில்லயுமா? பாட்டில் குறைஞ்சிருந்தா எங்கண்ணன் என்ன நினைப்பாரு?"

"யார் குடிச்சதுன்னு நினைச்சுப் பார்ப்பாரு" என்றாள் பெர்ப்பெத்துவா.

எவுலாலியா பக்கத்தில் உட்கார்ந்தாள். சாக்கைப் பிரித்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். பஸ் ஜன்னல்களில் தலைகள் நீண்டன.

"அக்கா, குமாசி போறது பாட்டிலா, நீங்களா?" என்றான் ஒருவன்.

"வீட்டுக்காரருக்குத் தொண்டை நனையக் கொஞ்சம் விட்டுவைங்க!" என்றான் இன்னொருவன்.

பெர்ப்பெத்துவா அடுத்த பாட்டிலைத் திறந்தாள். குடிப்பதும் துடைப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஐந்து. ஆறு. எட்டாவதில் ஒரு ஏப்பம் வந்தது. ஜன்னல் முழுக்கச் சிரித்தது. சைது ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினான்.

"அக்கா, நேரமாச்சு. அவருக்கு எதுவும் சொல்லணுமா?"

"ஒண்ணும் சொல்லவேண்டாம். கையில குடுத்தாப் போதும்."

பதினோராவது பாட்டிலில் குடித்த வாயை உடனே விழுங்காமல் வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள். துடைப்பதற்காக மேல்துணி பாட்டில் விளிம்புவரை வந்தது, அங்கேயே நின்றது. சைது ஹாரன் அடித்தான். மேல்துணியைக் கீழே விட்டுவிட்டு, தன் வாய் ஈரத்தோடு அப்படியே மூடியைத் திருகினாள்.